பாட்டும் பூட்டும்: இளையோர் இசையும் டிஜிட்டல் தனியுரிமையும்

டிஜிட்டல் உரிமைகளுக்காக வழக்காடிவரும் அமைப்புகளில் மூத்தவற்றுள் ஒன்று எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன். சுருக்கமாக இ.எஃப்.எஃப். 1990 ஜூலையில் அமெரிக்காவில் இதை நிறுவியவர்கள் மூவர். மிச் கபோர் லோட்டஸ் மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கியவர். ஜான் கில்மோர் சன் மைக்ரோசிஸ்டம்ஸின் தொடக்ககால ஊழியர்களில் ஒருவர். மூன்றாமவரான ஜான் பெர்ரி பார்லோவுக்கு மட்டும் கணினித் துறையில் எந்தப் பின்னணியும் இல்லை. அவர் வயோமிங் மாநிலத்தில் மாட்டுப்பண்ணை நடத்தியவர். கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் குழுவுக்குப் பாட்டெழுதியவர். அந்த ஆண்டு ஆப்பிள் நிறுவனத்தின் மென்பொருள் நிரல் திருடுபோனது பற்றி விசாரிக்க எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் பார்லோவைத் தேடி வந்தார். திருடுபோன பொருள் இன்னதென்று வந்தவருக்கே விளங்கவில்லை. பார்லோதான் உட்காரவைத்து விளக்க வேண்டியிருந்தது. அந்த அனுபவத்தை அவர் 'வெல்' என்ற கணினி உரையாடல் களத்தில் எழுதினார். அதைப் படித்த கபோர் தம் சொந்த விமானத்தை வயோமிங்கில் இறக்கிப் பார்லோவைச் சந்தித்தார். அமைப்பு பிறந்தது அந்தச் சந்திப்பில்தான்.

பாட்டெழுதுகிறவர் அந்தக் களத்துக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் உண்டு. கிரேட்ஃபுல் டெட் குழு தன் கச்சேரிகளை ரசிகர்கள் பதிவு செய்துகொள்ள அனுமதித்தது. 1984 முதல் ஒலிவாங்கியோடு வருகிறவர்களுக்கென்று தனி இடமே ஒதுக்கியது. பதிவான கேசட்டுகள் தபாலில் ஊர் ஊராகப் போயின. காசுக்கு விற்கக் கூடாது என்பதே ஒரே விதி. முகம் தெரியாதவர்கள் முகவரியை நம்பி ஒருவருக்கொருவர் கேசட் அனுப்பிப் பழகிய இந்தக் கூட்டம், கணினி வலையமைப்பு வந்ததும் முதலில் குடியேறியவர்களில் சேர்ந்தது. 'வெல்' களத்தின் வருமானத்தில் பெரும்பங்கு இந்த ரசிகர்களிடமிருந்து வந்தது. பார்லோவையும் அங்கே இழுத்தது அவர்களே.

இ.எஃப்.எஃப். அடுத்த பத்தாண்டுகளில் நடத்திய முக்கியப் போராட்டங்களில் சில, செய்தியை உரியவர் மட்டும் படிக்கும்படி பூட்டும் மறையாக்கத்தைச் சுற்றி நடந்தன. 1993-இல் அமெரிக்க அரசு 'கிளிப்பர்' என்ற சில்லை முன்வைத்தது. அந்தச் சில்லு பொருத்திய தொலைபேசியில் பேச்சு மறையாக்கப்படும். ஆனால் திறவுகோலின் நகல் அரசு முகமைகளிடம் இருக்கும். அடுத்த ஆண்டே மேட் பிளேஸ் என்ற ஆய்வாளர் அதில் ஓட்டை கண்டுபிடித்தார். திட்டம் சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. 1998-இல் இ.எஃப்.எஃப். இரண்டரை லட்சம் டாலருக்கும் குறைந்த செலவில் ஒரு கருவி செய்து, அரசு நம்பச்சொன்ன டெஸ் மறையாக்கத்தை 56 மணி நேரத்தில் உடைத்துக் காட்டியது. இன்று ஒரு மாணவர் தன் கைபேசியில் வலுவான மறையாக்கத்தைக் காசில்லாமல் பயன்படுத்த முடிவதற்கு இந்தச் சண்டைகளும் ஒரு காரணம்.

ஆனால் ரசிகர் கூட்டத்தின் பெரும்பகுதிக்கு இவை எட்டாத செய்திகள். ராக், ராப், டெக்னோ, ட்ரில் என்று எதைக் கேட்பவரானாலும், இளையோரிடையே தனியுரிமை பற்றிய அறிவு பிரசாரத்தால் பரவியது குறைவு. வட்டு, டிக்கெட், கைபேசி, பாட்டு வரி என்று கையிலிருந்த பொருளே காட்டிக்கொடுத்தபோதுதான் அது வேகமாகப் பரவியது. அந்தப் பொருள்களின் வழியே போனால் வரலாறு தெளிவாகத் தெரியும்.

முதல் பாடம் நாப்ஸ்டர் காலத்தது. 1999-இல் வந்த இந்தப் பாட்டுப் பகிர்வுச் செயலியையும் பின்வந்தவற்றையும் பயன்படுத்திய மாணவர்கள் இணையத்தில் தங்களை யாருக்கும் தெரியாது என்று நம்பினார்கள். 2003 செப்டம்பரில் அமெரிக்க ஒலிப்பதிவு நிறுவனங்களின் சங்கம் ஒரே நாளில் 261 பேர் மீது வழக்குத் தொடுத்தது. அதில் நியூயார்க்கைச் சேர்ந்த 12 வயதுச் சிறுமியும் அடக்கம். ஐ.பி. எண்ணை வைத்து இணைய நிறுவனத்திடம் பெயரும் முகவரியும் வாங்கிவிடலாம் என்பதை ஒரு தலைமுறை அன்று தெரிந்துகொண்டது. நீதிபதியின் பார்வைக்கே போகாமல் அப்படிப் பெயர் கேட்க முடியாது என்று வெரைசன் நிறுவனம் வழக்காடி அதே ஆண்டு டிசம்பரில் வென்றது. சங்கமோ சளைக்காமல் முறைப்படி வழக்குத் தொடுத்துப் பெயர்களைக் கேட்டது. 2008-இல் இந்த வழக்குமுறை கைவிடப்படும்வரை சுமார் 35,000 பேர் சிக்கினார்கள்.

இரண்டாவது பாடம் காசு கொடுத்து வாங்கியவர்களுக்குக் கிடைத்தது. 2005 அக்டோபர் 31 அன்று மார்க் ருசினோவிச் என்ற விண்டோஸ் வல்லுநர் தம் கணினியில் ஒளிந்திருந்த ஒன்றைப் பற்றி எழுதினார். அவர் எழுதிய சோதனைக் கருவியே அதைக் காட்டிக்கொடுத்திருந்தது. தேடிப் போனால் அது சோனி பி.எம்.ஜி. வெளியிட்ட ஒரு குறுந்தட்டிலிருந்து வந்திருந்தது. வான் ஜான்ட் சகோதரர்களின் இசைத்தட்டு, கடையில் காசு கொடுத்து வாங்கியது. தட்டைக் கணினியில் போட்டதும் ஒரு நிபந்தனைத் தாள் திரையில் வரும். ஒப்புக்கொண்டால் நகலெடுப்பதைத் தடுக்கும் மென்பொருள் இறங்கும். இவ்வளவு வரை தாளில் இருந்தது. அந்த மென்பொருள் இயங்குதளத்தின் அடிமடியில் புகுந்து, குறிப்பிட்ட ஒரு முன்னொட்டோடு தொடங்கும் எந்தக் கோப்பையும் கணினியின் கண்ணிலிருந்தே மறைத்துவிடும் என்பது தாளில் இல்லை. கூடவே வந்த இசைப்பான், எந்த ஆல்பம் ஓடுகிறது என்ற அடையாள எண்ணை நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பிக்கொண்டும் இருந்தது.

வெளியானதும் நடந்தவை பாடப்புத்தகத்தில் வைக்கத் தகுந்தவை. மறைக்கும் வசதி யாருக்கும் பொதுவானது என்பதால், தம் கோப்புக்கு அதே முன்னொட்டை வைத்த வைரஸ்காரர்கள் சில நாள்களிலேயே அதற்குள் ஒளிந்துகொண்டார்கள். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டில் ஏமாற்றுகிறவர்கள்கூட அதைப் பயன்படுத்தினார்கள். நிறுவனம் அவசரமாகக் கொடுத்த நீக்கு கருவி இன்னும் பெரிய ஓட்டையைத் திறந்துவிட்டதை பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் எட் ஃபெல்டனும் அலெக்ஸ் ஹால்டர்மனும் காட்டினார்கள். இப்படி ஒளிந்துகொள்ளும் மென்பொருளுக்குப் பெயர் ரூட்கிட்; ரூட்கிட் என்றால் என்னவென்றே பெரும்பாலோருக்குத் தெரியாதபோது அதைப் பற்றி அவர்கள் ஏன் கவலைப்பட வேண்டும் என்ற பொருள்பட நிறுவனத்தின் உயரதிகாரி ஒருவர் வானொலியில் பேசினார். அதன்பின் பெரும்பாலோருக்குத் தெரிந்துவிட்டது. 52 தலைப்புகளில் வெளியான தட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. டெக்சஸ் மாநில அரசு வழக்குத் தொடுத்தது. 2007-இல் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்துடன் நிறுவனம் சமரசத்துக்கு வந்தது.

இதில் ஒரு சிறு துணைக்கதை. இதே ஹால்டர்மன் 2003-இல் மாணவராக இருந்தபோது வேறொரு பூட்டுமுறையை ஆராய்ந்து, தட்டைப் போடும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தால் அந்த மென்பொருள் இறங்கவே இறங்காது என்று எழுதினார். அதைச் செய்த நிறுவனம் ஒரு கோடி டாலர் கேட்டு வழக்குப் போடுவேன் என்று மிரட்டி, மறுநாளே பின்வாங்கியது. ஒரு விசை போதும் என்ற செய்தி மாணவர் விடுதிகளில் எந்தக் கருத்தரங்கும் போகாத தூரம் போனது.

இசையை உருவாக்கும் பக்கத்தில் நிற்பவர்களுக்கு வேறு வகையில் புத்தி வந்தது. 2019-இல் ரேடியோஹெட் குழுவின் தாம் யார்க்கிடமிருந்து 18 மணி நேரப் பழைய ஒத்திகைப் பதிவுகள் களவுபோயின. ஒன்றரை லட்சம் டாலர் கேட்டார்கள். குழு கொடுக்க மறுத்து எல்லாவற்றையும் தானே 18 பவுண்டு விலைக்கு வெளியிட்டு, வசூலைச் சூழலியல் இயக்கம் ஒன்றுக்குக் கொடுத்தது. புகழுள்ள குழுவுக்கு அது கட்டுப்படியாகும். 2022-இல் இங்கிலாந்தில் ஓர் இளைஞர் எட் ஷீரன், லில் உசி வெர்ட் ஆகியோரின் வெளிவராத பாடல்களைத் திருடி விற்று 1,31,000 பவுண்டு சம்பாதித்ததற்காக 18 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். ஸ்டுடியோ எதையும் அவர் உடைக்கவில்லை. கலைஞர்களின் இணையச் சேமிப்புக் கணக்குகளுக்குள் நுழைந்தார். படுக்கையறையில் பாட்டுச் செய்கிற பதினேழு வயதுக்காரருக்குத் தனியுரிமை பற்றிப் பேசத் தொடங்க இதைவிட நல்ல வாசல் இல்லை. பொதுவான அச்சுறுத்தல் காதில் ஏறாது; முடிக்காத பாட்டு திருடுபோகும் என்றால் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை அன்றே போட்டுக்கொள்வார்.

தட்டு போய், இணையத்திலிருந்தே பாட்டைக் கேட்கும் ஓடை வந்தபின், ஆல்ப எண்ணை மட்டும் அனுப்பிய சோனியின் இசைப்பான் அப்பாவியாகத் தோன்றத் தொடங்கியது. என்ன பாட்டு, எந்த நேரம், எத்தனையாவது நொடியில் தாண்டினார் என்பதெல்லாம் ஓடைச் சேவைகளின் அன்றாடத் தரவு. 2015 ஆகஸ்டில் ஸ்பாட்டிஃபை தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றிப் படங்கள், தொடர்பு எண்கள் ஆகியவற்றுக்கும் இடம் வைத்தபோது எழுந்த கூச்சலுக்கு அதன் தலைவர் டேனியல் எக் மன்னிப்புக் கேட்டார். 2021-இல், பேசுகிறவரின் குரலிலிருந்து மனநிலையையும் வயதையும் ஊகித்துப் பாட்டுப் பரிந்துரைக்கும் முறைக்கு அதே நிறுவனம் காப்புரிமை பெற்றது தெரியவந்தது. டாம் மொரெல்லோ, தாலிப் குவேலி முதலிய இசைக்கலைஞர்களும் உரிமை அமைப்புகளுமாக 180-க்கு மேற்பட்டோர் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று கடிதம் எழுதினார்கள். 2023-இல் ஸ்வீடனின் தரவுப் பாதுகாப்பு ஆணையம், பயனரின் தரவு பற்றி அவருக்கே தெளிவாகச் சொல்லாததற்காக ஸ்பாட்டிஃபைக்கு 5.8 கோடி குரோனர் அபராதம் விதித்தது. ஆண்டுக் கடைசியில் கேட்ட பாட்டுகளின் பட்டியலை வண்ண அட்டையாக்கிப் பெருமையோடு பகிர்கிற அதே பயனர்கள், அந்த அட்டை எதிலிருந்து செய்யப்பட்டது என்று கேட்பது அரிது. கண்காணிப்பைக் கொண்டாட்டமாக மாற்றிக் கொடுத்த திறமையை மெச்சத்தான் வேண்டும்.

லண்டனில் நடந்தது கொண்டாட்டமல்ல. அங்கே இசை சார்ந்த தரவைத் திரட்டியது காவல்துறை. 2005-இல் மாநகரக் காவல்துறை 'படிவம் 696' என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. கச்சேரி நடத்துகிறவர் 14 நாள் முன்னதாகவே பாடகர், டி.ஜே. ஒவ்வொருவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதித் தர வேண்டும். தொடக்கத்தில் அந்தப் படிவம் என்ன வகை இசை, எந்த இனத்தவர் வருவார்கள் என்றும் கேட்டது. அந்தக் கேள்விகள் எதிர்ப்பால் பின்னர் நீக்கப்பட்டாலும் படிவம் நீடித்தது. கிரைம், காராஜ், பாஷ்மென்ட் போன்ற கறுப்பின இளைஞர் இசையே அதில் அடிபட்டது என்ற குற்றச்சாட்டும் நீடித்தது. மேயர் சாதிக் கான் மறுஆய்வு கேட்டபின் 2017 நவம்பரில்தான் அது கைவிடப்பட்டது. ஒரு சின்ன மன்றத்தில் பதினைந்து நிமிடம் பாட வந்த இளைஞரின் வீட்டு முகவரி, எந்தக் குற்றமும் செய்யாமலே, காவல்துறைக் கோப்பில் ஏறிய காலம் அது.

படிவம் போனாலும் பட்டியல் இருந்தது. 2011 கலவரங்களுக்குப் பின் 2012-இல் உருவான 'கேங்ஸ் மேட்ரிக்ஸ்' என்ற தரவுத்தளத்தில் 2017 அக்டோபரில் 3,806 பேர் இருந்தார்கள். அவர்களில் 78 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர் என்று 2018-இல் ஆம்னஸ்டி அமைப்பு எழுதியது. யூடியூபில் ஒரு ட்ரில் காணொளியைப் பகிர்வதும் அங்கே ஓர் அடையாளமாக எடுத்துக்கொள்ளப்பட்டதாக அதன் அறிக்கை சொன்னது. அதே ஆண்டு பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் தரவுச் சட்டம் மீறப்பட்டதாக அறிவிக்கை அனுப்பியது. அவாட்டே சுலைமான் என்ற ராப் கலைஞர், தன் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பலமுறை கேட்டும் பதில் கிடைக்காமல் வழக்குத் தொடுத்தார். 2022 நவம்பரில் அந்தத் தரவுத்தளம் நடத்தப்பட்ட முறை சட்டத்துக்கு உட்பட்டதல்ல என்று காவல்துறையே ஒப்புக்கொண்டது. 1,000-க்கு மேற்பட்ட பெயர்களை நீக்கவும் இசைந்தது. 2024-இல் தரவுத்தளம் மூடப்பட்டது.

சிகாகோவில் தோன்றித் தென் லண்டனில் வேர்பிடித்த ட்ரில் இசை, வன்முறையை நேராகப் பேசுவது. அதன் வரிகளில் சில உண்மையான சண்டைகளைக் கிளறியதும் உண்டு. அதை மறைத்துப் பேசுவதில் பொருளில்லை. ஆனால் கையாண்ட முறை கவனிக்கத்தக்கது. 2019 ஜனவரியில் ஸ்கெங்டோ, ஏஎம் என்ற இருவர், தடையாணை மீறி ஒரு பாட்டைப் பாடியதற்காக ஒன்பது மாத நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை பெற்றார்கள். 2022 ஜனவரியில் சிங்க்ஸ் என்ற கலைஞரின் பாட்டுத் துணுக்கு இன்ஸ்டாகிராமிலிருந்து காவல்துறை கேட்டுக்கொண்டதன் பேரில் நீக்கப்பட்டது. மெட்டா நிறுவனத்தின் மேற்பார்வைக் குழு அந்த நீக்கத்தைத் தவறென்று முடிவு செய்தது. அதற்காகத் தகவல் உரிமை வழியே அது பெற்ற எண்கள் அதைவிட முக்கியமானவை. 2021 ஜூன் முதல் 2022 மே வரை மாநகரக் காவல்துறை இசை குறித்துத் தளங்களுக்கு அனுப்பிய 286 கோரிக்கைகளும் ட்ரில் பற்றியவை. அவற்றில் 255 நீக்கத்தில் முடிந்தன.

முகமும் ஒரு டிக்கெட்டாகிவிட்டது. 2015-இல் டோனிங்டன் பார்க்கில் நடந்த டவுன்லோடு ராக் விழாவில் லெஸ்டர்ஷயர் காவல்துறை வருவோர் முகங்களைத் தேடப்படுவோர் படங்களோடு ஒப்பிட்டது. 2016-இலும் 2017-இலும் நாட்டிங் ஹில் கார்னிவலில் இதே முறை பரிசோதிக்கப்பட்டது. 2018 மே மாதம் கலிஃபோர்னியாவின் ரோஸ் போல் அரங்கில் டெய்லர் ஸ்விஃப்டின் ஒத்திகைக் காட்சிகள் ஓடிய திரையை நின்று பார்த்தவர்களின் முகங்களைத் திரைக்குப் பின்னிருந்த கேமரா எடுத்தது. பின்தொடர்ந்து தொல்லை தருபவர்களைக் கண்டுபிடிப்பது நோக்கம் என்று சொல்லப்பட்டது. ஸ்விஃப்டுக்கு அப்படிப்பட்ட தொல்லை உண்மையாகவே இருந்தது. ஆயினும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த சிறுமிகளிடம் யாரும் கேட்கவில்லை.

இங்கே இசையுலகத்தின் எதிர்ப்பு பலன் தந்தது. 2019-இல் 'ஃபைட் ஃபார் தி ஃபியூச்சர்' அமைப்பு ஒவ்வொரு இசைவிழாவின் பெயரையும் பட்டியலிட்டு, முகமறிதலைப் பயன்படுத்துவீர்களா மாட்டீர்களா என்று பகிரங்கமாகக் கேட்டது. 40-க்கு மேற்பட்ட விழாக்கள் மாட்டோம் என்றன. 2021-இல் கொலராடோவின் ரெட் ராக்ஸ் அரங்கில் உள்ளங்கையைக் காட்டி நுழையும் அமேசான் கருவி வைக்கப்பட்டபோது இருநூறுக்கு மேற்பட்ட கலைஞர்களும் அமைப்புகளும் கடிதம் எழுதினர். பின்னர் கருவி எடுக்கப்பட்டது. கலைஞர் மேடை ஏற மறுத்தால் விழா இல்லை. ஒரு ரசிகர் தனியாகக் கேள்வி கேட்டால் வாசலில் நிற்பார், அவ்வளவே.

தனியுரிமையையே பொருளாக்கிய பாடல்களும் உண்டு. இவற்றில் முதலிடம் தரத்தக்கது எம்.ஐ.ஏ.வின் ஒரு சிறு பாட்டுக்கு. மாதங்கி அருள்பிரகாசம் என்ற இயற்பெயருடைய இவர் 1975-இல் லண்டனில் பிறந்தவர். ஈழத்தமிழ்ப் பெற்றோரின் மகள். சிறுவயதை யாழ்ப்பாணத்தில் கழித்துப் போரின்போது தாயோடு லண்டன் திரும்பியவர். 2010-இல் வந்த அவரது 'மாயா' ஆல்பத்தின் முதல் பாட்டு ஒரு நிமிடமும் ஓடாது. கைபேசியும் கூகுளும் அரசும் சங்கிலியாகக் கோக்கப்பட்டிருப்பதாக அது பாடியதை விமர்சகர்களில் சிலர் வீண் பிரமை என்று தள்ளினார்கள். 2013 ஜூனில் எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள், பெரிய இணைய நிறுவனங்களின் தரவை அமெரிக்க உளவு முகமை எப்படிப் பெறுகிறது என்று காட்டின. போர்க்காலத்தில் யார் எங்கே போகிறார் வருகிறார் என்பது உயிர்க் கேள்வியாக இருந்த இடத்தில் வளர்ந்தவருக்கு முன்கூட்டியே தோன்றியதில் வியப்பில்லை.

ஸ்னோடனுக்குப் பின் இத்தகைய பாடல்கள் பெருகின. யாட் என்ற குழு உளவு முகமையைக் கேலி செய்து பாடி வருமானத்தை இ.எஃப்.எஃப்.க்குக் கொடுத்தது. ஹாலி ஹெர்ண்டன் 2014-இல், தன்னை வேவு பார்த்த கணினியைப் பிரிகிற காதலிபோல ஒரு பாட்டுச் செய்தார். 2016-இல் ழான்-மிஷேல் ழார் மாஸ்கோ சென்று ஸ்னோடனின் குரலையே பதிவு செய்து ஒரு டெக்னோ பாட்டில் கோத்தார். பாட்டாக இவை நல்லவை. இவற்றைக் கேட்டுக் கைபேசி அமைப்பை மாற்றியவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். எச்சரிக்கைப் பாட்டை எச்சரிக்கப்பட்ட செயலியிலேயே கேட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குப் போவதுதான் வழக்கம்.

கையைப் பிடித்துக் காட்டிய முயற்சி கிரிப்டோபார்ட்டி. 2012 ஆகஸ்டில் ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் இணையக் கண்காணிப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றிய கையோடு, மெல்போர்னைச் சேர்ந்த ஆஷர் வுல்ஃப் தொடங்கிவைத்தது அது. பேருக்கேற்ப விருந்துதான். மடிக்கணினியோடு வரலாம், இசை இருக்கும், தெரிந்தவர் தெரியாதவருக்கு மறையாக்கக் கருவிகளைப் போட்டுக் காட்டுவார், கட்டணம் இல்லை. சில வாரங்களில் பெர்லின் உட்படப் பல நகரங்களுக்குப் பரவியது. அந்த டிசம்பரில் ஹவாயில் நடந்த ஒரு கூட்டத்தில் இருபது பேருக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர், அப்போது யாரும் அறியாத எட்வர்ட் ஸ்னோடன். பெர்லினில் இந்த முறை ஊன்றியதற்குத் தளம் முன்பே இருந்தது: அங்கே டெக்னோ மன்றங்கள் சிலவற்றில் வாசலிலேயே கைபேசிக் கேமராவின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டிவிடுவார்கள். உள்ளே ஆடுகிறவரைப் படமெடுக்கக் கூடாது என்பது சட்டமல்ல, மன்றத்தின் ஒழுங்கு. எந்த வகுப்பும் இல்லாமல் இருபது வயதுக்காரர்கள் அதைக் கடைப்பிடிக்கிறார்கள்.

இத்தகைய பயிற்சியில் சொல்ல வேண்டியது அதிகமில்லை. ஆனால் சரியாகச் சொல்ல வேண்டும். முனைக்கு முனை மறையாக்கத்தில் செய்தி அனுப்புகிறவரின் கைபேசியில் பூட்டப்பட்டு, பெறுகிறவரின் கைபேசியில் மட்டும் திறக்கிறது. நடுவிலுள்ள நிறுவனத்திடம் திறவுகோல் இல்லை. சிக்னல் செயலியின் முறையில் ஒவ்வொரு செய்திக்கும் திறவுகோல் மாறுகிறது. 2016 ஏப்ரலில் வாட்ஸ்ஆப் அதே முறையை எல்லோருக்கும் பொதுவாக்கியது. விழிப்புணர்வு இயக்கங்கள் பல ஆண்டுகளாகக் கெஞ்சியும் நடக்காதது, ஒரு நிறுவனம் இயல்பமைப்பை மாற்றியதும் ஒரே நாளில் நூறு கோடிப் பேருக்கு நடந்தது. டெலிகிராமில் சாதாரண உரையாடலுக்கும் குழுக்களுக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை. தனியாகத் தொடங்கும் இரகசிய உரையாடலுக்கு மட்டுமே உண்டு. இசைக்குழு ரசிகர்கள் கூடும் டிஸ்கார்டில் 2024-இல் குரலுக்கும் காணொளிக்கும் வந்தது, எழுத்துக்கு வரவில்லை.

மறையாக்கம் உள்ளடக்கத்தை மறைக்கும்; யார் யாரோடு, எப்போது, எத்தனை முறை என்பதை எல்லாச் செயலிகளும் மறைப்பதில்லை. கல்யாண வீட்டு மொய் நோட்டைப் புரட்டினாலே யாருக்கு யார் எவ்வளவு நெருக்கம் என்று தெரிந்துவிடும், பந்தியில் பேசியதைக் கேட்டிருக்க வேண்டியதில்லை. 2016-இல் அமெரிக்க நீதிமன்ற ஆணைக்குப் பதிலாகச் சிக்னல் நிறுவனத்தால் கொடுக்க முடிந்தவை இரண்டே: கணக்குத் தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள். அந்த நோட்டையே எழுதாமல் விட்டதன் விளைவு அது.

அடுத்தது கைபேசி. ட்ரில் வழக்குகளில் சாட்சியமானவை பெரும்பாலும் வழியில் இடைமறித்த செய்திகளல்ல. கைப்பற்றிய கைபேசிகளில் கிடந்த உரையாடல்கள், குறிப்பேட்டில் எழுதிவைத்த பாட்டு வரைவுகள். பத்துப் பேர் குழுவின் இரகசியம், அவர்களில் மிக அசட்டையானவரின் கைபேசி அளவுக்கே பத்திரம். நீளமான கடவுச்சொல், தானாக அழியும் செய்திகள், இணையத்தில் ஏறும் காப்புப் பிரதிக்கும் தனிப் பூட்டு என்று இந்த மூன்றும் எந்தப் பேச்சைவிடவும் பயன்படும். வாட்ஸ்ஆப்பில் காப்புப் பிரதியைப் பூட்டும் வசதி 2021-இலேயே வந்துவிட்டது. அதைத் தேடிப்போய் இயக்க வேண்டும் என்பதால் பலர் இயக்கியிருக்க மாட்டார்கள். விலை உயர்ந்தது பாதுகாப்பானது என்ற நம்பிக்கைக்கும் ஒரு மருந்து உண்டு. ஆறு மாதத்துக்கு 1,500 பவுண்டு வாங்கிக்கொண்டு விற்கப்பட்ட என்க்ரோசாட் கைபேசிகள் ராப் வரிகளில்கூடப் பெருமையாக இடம்பெற்றன. 2020-இல் பிரெஞ்சுக் காவல்துறை அந்த வலையமைப்புக்குள்ளேயே புகுந்து எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தது வெளிவந்தது.

மறையாக்கத்துக்கு எதிரான வலுவான வாதம் ஓர் இசை நிகழ்ச்சியைச் சுற்றியே எழுந்தது. 2024 ஆகஸ்ட் 8 முதல் 10 வரை வியன்னாவில் டெய்லர் ஸ்விஃப்டின் மூன்று கச்சேரிகள் நடக்கவிருந்தன. தாக்குதல் திட்டம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டுப் பதின்வயதினர் கைதானதால் மூன்றும் ரத்தாயின. துப்புக் கொடுத்தது அமெரிக்க உளவுத்துறை. மறையாக்கப்பட்ட உரையாடல்களைப் படிக்கத் தங்களுக்கு அதிகாரம் இல்லாததால் பிற நாட்டுத் தயவை நம்ப வேண்டியிருக்கிறது என்று ஆஸ்திரிய அரசியலில் குரல் எழுந்தது. 2025 ஜூலையில் சந்தேகத்துக்குரியவரின் கருவிக்குள் உளவு மென்பொருளைச் செலுத்தும் சட்டம் நிறைவேறியது. இந்த வாதத்தை ஏளனமாகத் தள்ள முடியாது. அந்த வாரம் அரங்குக்குப் போகவிருந்தவர்களில் பலர் சிறுமிகள். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒருவரின் கருவிக்குள் நுழையக் காவல்துறை ஓர் ஓட்டையைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். அந்த ஓட்டை அதே மாதிரிக் கைபேசி வைத்திருக்கும் எல்லோரிடமும் இருக்கும். சோனியின் தட்டில் முன்னொட்டை வைத்து ஒளிந்துகொண்ட வைரஸ்காரர்கள் காட்டியது இதைத்தான். எல்லோருடைய பூட்டையும் பலவீனமாக்குவதைவிட, நீதிமன்ற ஆணையோடு ஒருவரை மட்டும் குறிவைப்பது குறைந்த தீங்கு என்பதில் வல்லுநர் பலருக்கு உடன்பாடு. அந்த ஆணைகளை யார் மேற்பார்ப்பது என்பதில் உடன்பாடில்லை.

இந்தியாவில் தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகள், பெரிய செய்திச் செயலிகள் ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடித்துத் தர வேண்டும் என்கின்றன. மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் நாட்டைவிட்டே போக வேண்டியிருக்கும் என்று வாட்ஸ்ஆப் தரப்பு 2024-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் சொன்னது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். 18 வயதுக்குக் குறைந்தவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும். அவர்களைப் பின்தொடர்வதற்கும் குறிவைத்து விளம்பரம் செய்வதற்கும் தடை உண்டு. கானா பாடிப் பதிவேற்றும் பதினாறு வயதுச் சென்னைப் பையனுக்கு இந்தத் தடை நல்லது. ஆனால் சம்மதத்தை நிரூபிக்கப் பெற்றோரின் அடையாளத் தரவும் சேர்ந்து திரட்டப்படும் என்பது அதன் மறுபுறம். அரசு அறிவிக்கும் தன் அமைப்புகளுக்குச் சட்டத்திலிருந்து விலக்குத் தரவும் 17-ஆம் பிரிவு இடம் தருகிறது. லண்டன் படிவத்தைப் போன்ற ஒன்று இங்கே வந்தால், அதைக் கேட்டு வாங்கும் துறை விலக்குப் பட்டியலில் இருக்கிறதா என்பதே முதலில் பார்க்க வேண்டியிருக்கும்.